தங்கத்துக்கு நோயில்லை

ஓவியம் இருக்கும் எந்த மண்டபத்துக்குக் கூப்பிட்டாலும், போய் இறங்கியதும் நான் கேட்பது "மாடிக்கு வழி எது?" என்பதுதான். கூப்பிட்டவர்களுக்கு இது பிடிப்பதில்லை. உள்ளே கூட்டிப் பெருக்கி, பெரிய விளக்குகளைக் கட்டி, உள்ளூர் நிருபரையும் வரச்சொல்லி வைத்திருப்பார்கள். காவிரிக்கரைக் கோயில் ஒன்றின் தர்மகர்த்தா எனக்குக் காது மந்தம் என்றே முடிவுகட்டிவிட்டார். "ஓவியம் உள்ள இருக்கு தம்பி, மாடியில ஒண்ணுமில்ல" என்று குரலை உயர்த்தித் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாடியில் எனக்கு நிறைய இருந்தது. மழைநீர் போகும் தூம்புகளில் இரண்டை இலையும் புறா எச்சமும் அடைத்திருந்தன. கைப்பிடிச் சுவரின் இடுக்கில் அரசங்கன்று முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. பழைய தட்டோடு பெயர்ந்த இடத்தில் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதன் விளிம்பு நெடுக மயிரிழை வெடிப்பு. இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கீழே வந்தேன். விதானத்தில் நிறம் உதிர்ந்த இடங்களை இன்னொரு மெல்லிய தாளில் குறித்து, முதல் தாளின்மேல் வைத்துத் தர்மகர்த்தாவிடம் காட்டினேன். அடைபட்ட தூம்புக்கு நேர் கீழே ஒரு தேவகன்னிக்கு முகம் இல்லை. சிமெண்ட் ஒட்டின் விளிம்புக்குக் கீழே ஊர்வலத்தின் யானை பாதியோடு நின்றிருந்தது. அவர் வெகுநேரம் இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு, "அப்போ ஓவியத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றார். "மொதல்ல தட்டோடு பதிக்கப் போறோம்" என்றேன்.

இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம். நிறம் தானாகச் சாவது அபூர்வம். அதைத் தாங்கிக்கொண்டிருப்பது சாகும்போது கூடவே போகிறது. செங்காவி ஆயிரம் வருஷம் நிற்கும். தங்கத்துக்கு நோயே கிடையாது. நோயெல்லாம் காரைக்கும் பசைக்கும் பலகைக்கும், அவற்றுக்குப் பின்னாலிருக்கும் செங்கல்லுக்கும்தான்.

நான் வேதியியல் படித்துவிட்டு வந்தவன். புட்டிகளும் கரைப்பான்களும்தான் வேலை என்று நினைத்து நுழைந்தேன். அப்படி நினைக்கத் தமிழ்நாட்டில் நல்ல முன்னோடிகளும் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக்கூடம் தொடங்கிவிட்டார்கள். செப்புத் திருமேனிகளை அரித்த களிம்பை நிறுத்துவது அதன் முதல் கவலை. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களின் சுவரோவியங்களை ஆராய்ந்து 1930-களில் எழுதிய கட்டுரைகள் எங்களுக்குப் பாலபாடம். ஓவியம் பற்றிய கட்டுரை என்று எடுத்துப் படித்தால், மனிதர் விடாமல் காரையைப் பற்றிப் பேசுகிறார். கரட்டுப் பூச்சு எவ்வளவு தடிமன், மேல்பூச்சு எவ்வளவு, மணல் எந்த விகிதம், வேறு என்ன கலந்திருக்கிறது. நிறம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இளம் வயதில் எனக்கு அது சலிப்பாக இருந்தது.

சலிப்பைப் போக்கியவர் ஒரு கொத்தனார். கும்பகோணம் பக்கத்துக்காரர், மூன்று தலைமுறையாகத் திருப்பணி வேலை. என் கையில் மண்வெட்டியைக் கொடுத்துச் சுண்ணாம்பு நீற்ற வைத்தார். சூளையில் சுமார் 900 டிகிரியில் வெந்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பூக்கும். அதைச் சலித்துத் தண்ணீருக்கடியில் ஊறப்போட வேண்டும். கடுக்காய் ஊறல் ஒரு பானையில், கருப்பட்டித் தண்ணீர் இன்னொரு பானையில். நான் ஊறலின் அமிலத்தன்மையை அளந்துகொண்டிருந்தபோது அவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்பார். "சுண்ணாம்பை அவசரப்படுத்தினா செவுத்துல வந்து பழிவாங்கும் தம்பி" என்பது அவர் அடிக்கடி சொல்வது. வேதியியல்படி அது முழு உண்மை. நீறாத கட்டி ஒன்று சாந்துக்குள் தங்கிவிட்டால், பூசி மெழுகி வர்ணம் தீட்டிய பிறகு ஈரத்தைக் குடித்து வீங்கும். மேலே இருப்பதைச் சில்லாகத் தெறிக்கவிடும்.

ஓவியச் சுவரை வெட்டிப் பார்த்தால் பின்னாலிருந்து முன்னால் இப்படி வரும்: கல் அல்லது செங்கல், அதன்மேல் மணல் கலந்த கரட்டுக் காரை, அதன்மேல் மெல்லிய வெண்காரை, எல்லாவற்றுக்கும் மேலே நிறம், பல இடங்களில் தாளின் தடிமன்கூட இல்லாமல். வெண்காரை ஈரமாக இருக்கும்போதே நீரில் குழைத்த வர்ணத்தைத் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாக இறுகும்போது வர்ணத்தையும் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். காரை காய்ந்த பிறகு கோந்தோ வேறு பசையோ கலந்து தீட்டினால் வர்ணத்தைப் பிடித்திருப்பது அந்தப் பசை மட்டுமே. தஞ்சைச் சோழ ஓவியம் ஈரக்காரை முறையில் தீட்டியது என்றார் பரமசிவன். பிற்கால நாயக்கர், மராட்டியர் மண்டபங்களில் நான் தொட்டவை பெரும்பாலும் காய்ந்த காரையில் எழுதியவை. இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஒரு மூலையில் ஈரப் பஞ்சை உருட்டிப் பார்த்தால் பஞ்சு சொல்லிவிடும். பஞ்சில் நிறம் ஏறினால் அன்றோடு தண்ணீருக்குத் தடை.

எந்த வர்ணம் இருக்கிறது என்பதும் முறையைக் காட்டிக்கொடுக்கும். காவி, மஞ்சள் காவி, பச்சைமண், விளக்குக்கரி ஆகியவை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். ஈயம் கலந்த வெள்ளையும் செந்தூரமும் வருஷங்கள் போகப்போகக் கறுத்துவிடும். நெற்றியில் கறுப்புத் திட்டோடு நிற்கும் உருவத்தைப் பார்த்து "எண்ணெய்ப் புகை, தொடைச்சிடலாம்" என்று யாராவது சொன்னால், நான் பஞ்சை அவர்கள் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவேன். அது புகையல்ல, வர்ணமே உருமாறியது; துடைத்தால் ஓவியம்தான் போகும்.

அடுத்தது ஓதம். கிராமத்தில் வீடு கட்டிய எவருக்கும் இது தெரியும். தரையிலிருந்து சுவரில் ஈரம் ஏறும், வெளியே காய்ந்துபோகும், அது சுமந்து வந்த உப்பு சுவரில் தங்கும். கோயில் சுவருக்கு உப்பு வர ஆயிரம் வழி. அபிஷேக நீர் வெளியேறும் கால்வாய் உடைந்திருக்கும். கடலோர ஊரில் கடற்கரை மணலையே சாந்தில் கலந்திருப்பார்கள். விதானத்தில் தலைமுறைகளாகத் தொங்கும் வௌவால்களின் எச்சத்திலிருந்து நைட்ரேட் இறங்கும். உப்பு கரைந்திருக்கும்வரை தொந்தரவு இல்லை. படிகமாகும் இடம்தான் ஆபத்து. அது வெண்காரைக்குள், நிறத்துக்கு நேர் பின்னால் படிகமானால் நிறத்தை முன்னால் தள்ளும். சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், கீழே இறங்கினால் மறுபடி கட்டும். நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கம் பல நாட்களில் விடியற்காலை அந்த அளவு தாண்டிவிடும்; உச்சிவெயிலில் இறங்கிவிடும். சோடியம் சல்பேட் இன்னும் கொடியது: ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு, பருமனில் மூன்று மடங்குக்கு மேல் வீங்கும். அந்த இடத்தில் எந்தக் காரையும் தாக்குப்பிடிக்காது.

கடலோர மண்டபம் ஒன்றில் இதைக் கண்ணாரக் கண்டேன். வெளிச்சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து காரை பொரிந்திருந்தது. நல்லெண்ணத்தோடு யாரோ அதைக் கொத்திவிட்டு கனமாகச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். வெளியே பார்க்க சுத்தமாகிவிட்டது. ஆனால் சுவருக்குள் ஏறிய ஈரம் வெளிப்பக்கம் மூச்சுவிட முடியாமல் இன்னும் மேலே ஏறி, உள்பக்கம் திரும்பி, அதுவரை தொல்லையில்லாமல் இருந்த ஓவியத்தின் வழியாக வெளியே வரத் தொடங்கியது. நாங்கள் போனபோது உள்ளே தரையெல்லாம் வர்ணத் தூள். சிமெண்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புக் காரை பூசச் சொன்னபோது, "செலவு பண்ணி போட்டதை எடுக்கச் சொல்றீங்களே" என்று கோபித்துக்கொண்டார்கள். சிமெண்ட்டை எடுத்து, சுற்றிலும் வடிகால் வெட்டி, சுவர் ஒரு கோடை முழுதும் காய்ந்த பிறகுதான் உள்பக்கம் கைவைத்தோம். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த காகிதக் கூழைப் பாதுகாப்புத் தாளின்மேல் அப்பி, காயவிட்டு, உரித்தோம். உரித்த கூழை நீரில் கரைத்து மின்கடத்துத்திறனை அளந்தால் எவ்வளவு உப்பு வந்திருக்கிறது என்று தெரியும். அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும். இறங்காவிட்டால் சுவருக்கு இன்னும் எங்கிருந்தோ உப்பு வருகிறது என்று பொருள். கூழை வைத்துவிட்டுக் கடப்பாறையை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை தட்டிப் பார்ப்பது. தேங்காயைச் சுண்டிப் பார்த்து வாங்குவது போல, விரல் கணுவால் சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டிப்போக வேண்டும். காரை சுவரோடு ஒட்டியிருந்தால் ஓசை கெட்டியாக வரும்; பின்னால் பிரிந்திருந்தால் பொக்கென்று வரும். பொக்கான இடங்களைப் படத்தில் குறித்துக்கொண்டே போவோம். கோயிலில் இதற்கு நேரம் பார்க்க வேண்டும். மேளமும் மணியும் ஒலிக்கும்போது ஒன்றும் கேட்காது. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தி, மாலையில் திறக்கும்வரை உள்ள அந்த நேரம்தான் எங்கள் மருத்துவமனை நேரம். பேச்சு கூடாது, மின்விசிறி கூடாது. சாரத்தின்மேல் மல்லாந்து படுத்து, மூக்குக்கு ஒரு சாண் மேலே இருக்கும் விதானத்தைத் தட்டிக்கொண்டே நகர்வோம். காது பழகிவிட்டால் வெற்றிடம் எவ்வளவு ஆழம் என்றுகூடத் தோராயமாகச் சொல்லலாம்.

பொக்கை நிரப்ப ஊசிதான் ஆயுதம். விழ இருக்கும் விளிம்புகளை முதலில் மெல்லிய ஜப்பானியத் தாளை லேசான பசையில் ஒட்டிப் பிடித்துக்கொள்வோம். ஏற்கெனவே நிறம் போய்விட்ட புள்ளியாகப் பார்த்துத் துளையிட்டு, தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்து உள்ளே செலுத்தி நனைப்போம். வறண்ட காரை சாந்தின் நீரை உடனே உறிஞ்சிவிட்டால் சாந்து ஓடாமல் வாயிலேயே கட்டிவிடும். அதற்குப் பிறகு மாவாகச் சலித்த சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த கூழ். நீர் கூடினால் காயும்போது சுருங்கும். குறைந்தால் ஊசியைத் தாண்டாது. சுவரென்றால் கீழேயிருந்து மேலே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். பக்கத்துத் துளையில் குமிழ் வந்தால் கூழ் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. விதானத்தில் இன்னொரு பயமும் உண்டு. நிரப்பும் கூழின் எடையே காரையைக் கீழே இழுத்துவிடும். அதனால் அங்கே கண்ணாடிக் குமிழ்த்தூள் கலந்த எடை குறைந்த கூழ் போடுவோம். பஞ்சுத்திண்டு கட்டிய பலகையை அடியில் முட்டுக்கொடுத்து நிறுத்துவோம். அந்த முட்டுப்பலகையை எடுக்கும் நாள் வரும்வரை எனக்குச் சரியான தூக்கம் இருக்காது.

காரை தூளாக உதிரும் இடத்துக்கு முந்தைய தலைமுறை பிசின் கரைசலைத் தடவியது. பாலிவினைல் அசிட்டேட்டும் அக்ரிலிக்கும் உடனடியாக உதிர்வை நிறுத்தும். வர்ணமும் பளிச்சென்று எழும். ஆனால் அவை அளவு மீறிச் சுவரின் துளைகளை மூடிவிட்டால், பின்னாலிருக்கும் ஈரமும் உப்பும் அந்தப் படலத்தோடு சேர்த்து நிறத்தையும் உரித்துப் போட்டுவிடும். 1966 நவம்பரில் ஆர்னோ நதி பெருகி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரை மூழ்கடித்தது. அதில் நனைந்த சுவரோவியங்களைக் காக்க அந்த ஊர் வேதியியலாளர்கள் தொடங்கிய ஆராய்ச்சிதான், பிற்பாடு மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களை ஆல்கஹாலில் மிதக்கவிட்டுக் காரைக்குள் செலுத்தும் முறைவரை வந்தது. உள்ளே போன துகள் காற்றை வாங்கிக் காரையாகவே இறுகிவிடும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து என்று விஞ்ஞானம் வந்து சேர்ந்ததைக் கும்பகோணத்துக் கொத்தனாரிடம் சொன்னேன். "இதுக்கு எதுக்கு அத்தனை தூரம் போனாங்க?" என்று கேட்டார்.

மக்கள் எங்கள் வேலை என்று நினைப்பது சுத்தம் செய்வதைத்தான். பாதி கறுப்பு, பாதி பளிச் என்று ஒரு படம் போட்டால் பத்திரிகையில் வரும். எனக்கு அதில் பயம்தான் அதிகம், ஏனென்றால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயத்தில் 1980 முதல் 1994 வரை மைக்கலாஞ்சலோவின் ஓவியங்களைச் சுத்தம் செய்தபோது, புகையோடு சேர்த்து அவர் காய்ந்த காரையின்மேல் கடைசியாகத் தீட்டிய நிழல்களும் போய்விட்டனவா என்று எழுந்த சண்டை இன்னும் தீரவில்லை. அஜந்தாவில் கதை நேர்மாறு. 1920-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலிய நிபுணர்களை வரவழைத்தது. அவர்கள் உதிர்ந்துகொண்டிருந்த காரையைப் பிடித்து நிறுத்தினார்கள். அது பெரிய காரியம். கூடவே மேலே அரக்குப் பூச்சும் பூசினார்கள். அது மஞ்சளாகிக் கறுத்து, அடுத்த தலைமுறையினருக்கு அதை நீக்குவதே வேலையாகிவிட்டது. புற ஊதா விளக்கை அடித்தால் பழைய அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். புது இடத்துக்குப் போனால் இருட்டில் அந்த விளக்கை ஒருமுறை சுவரெங்கும் ஓட்டிப் பார்க்காமல் நான் பஞ்சைத் தொடுவதில்லை.

நம் ஊரில் ஓவியங்களை மூடியது பெரும்பாலும் வெள்ளையடிப்பு. அதைத் திட்டாத ஆய்வாளர் இல்லை. நான் மட்டும் கொஞ்சம் தயங்குவேன். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சின்னச்சின்னச் சன்னதிகளில் பிற்காலப் பூச்சுக்கடியில் பல்லவர் கால ஓவியத் துண்டுகள் கிடந்ததை 1931-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் கண்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருட்டு உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் கீழே சோழர் கால ஓவியம் தெரிவதை அதே 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மூடியதால்தான் அவை நமக்குக் கிடைத்தன. சுண்ணாம்புப் படலத்தைக் கத்தி நுனியால் செதிலாகப் பிரிக்கலாம். பொறுமை இருந்தால் அடியிலுள்ளது வரும். உயர் அழுத்த மணல்வீச்சால் சுத்தம் செய்த தூணில் எதையும் மீட்க முடியாது. பூச்சோடு கல்லின் தோலும் போயிருக்கும்.

தஞ்சையில் எழுந்த கேள்வி அதைவிடக் கடினம். மேலே இருப்பதும் ஓவியம், கீழே இருப்பதும் ஓவியம். சோழனுக்காக நாயக்கனைச் சுரண்டலாமா? தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் நாயக்கர் கால ஓவியப் பகுதிகளைக் காரையோடு பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைத் தட்டுகளில் ஏற்றினார்கள். கீழே சோழ ஓவியம் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டும் பிழைத்தன. ஆனால் நாயக்கர் ஓவியம் அது பிறந்த சுவரை இழந்தது. சுவரை விட்டு ஓவியத்தைப் பிரிப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. தஞ்சையில் அந்த விலையைக் கொடுக்கத் தக்க காரணம் இருந்தது. அதை முன்னுதாரணமாகக் காட்டி, ஓதம் ஏறிய சாதாரணச் சுவரிலிருந்தும் ஓவியத்தைக் கழற்றி அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போகலாமே என்று கேட்பவர்களிடம் நான் இணங்கியதில்லை. சுவரைக் குணப்படுத்தும் செலவு எப்போதும் குறைவு.

தங்கத்துக்கு வருகிறேன். இன்று கிடைக்கும் தங்க இலையின் தடிமன் ஒரு மைக்ரானில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, மூச்சுவிட்டால் பறக்கும். பழைய தஞ்சாவூர்ப் படங்களின் ரேக்கு அதைவிடக் கனம். பலாப்பலகையில் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த மக்கால் நகை, பிரபை, தூண் எல்லாம் புடைக்க எழுப்பி, அதன்மேல் ரேக்கை ஒட்டி, கல் பதிப்பார்கள். பஜனை மடங்களில் ஆள் உயரப் பலகைகளைச் சுவரோடு பதித்திருப்பதும் உண்டு. சரிசெய்ய வந்த படங்களில் தங்கம் மங்கிய படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. மங்கியிருப்பது மேலே படிந்த புகையும் எண்ணெயும். உடைந்திருப்பது அடியில்: மழைக்காலத்தில் பலகை விரியும், கோடையில் சுருங்கும், மக்கு அதோடு நகராமல் வெடிக்கும். பசையைத் தின்னப் பூச்சிகள் வரும். பலகைக்குப் பின்னால் சுவர் ஓதம் காத்தால் கரையானும் வரும். கோயில் கலசங்களில் செம்பின்மேல் பூசிய பொன்னுக்கும் இதே கதைதான். பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால் மழைநீர் உள்ளே போய்ச் செம்பை அரிக்கும்; பொன்னைத் தாண்டிப் பச்சைக் களிம்பு வெளியே வழியும்.

செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். பட்டாலையில் மரச்சட்டங்களுக்குப் பொன்பூச்சு, மேலே கூரையோரம் நீளமான சுவரோவியப் பட்டை. வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில். ஒரு கல்யாணத்துக்காக யாரோ பெயின்டரை வைத்துச் சட்டங்களுக்கெல்லாம் டப்பாவில் விற்கும் கோல்டு பெயின்ட் அடித்துவிட்டார்கள். அதில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த தூள். சில வருஷத்தில் கறுத்துப் பழுப்பாகிவிடும். "பளபளன்னு இருக்கட்டும்னுதானப்பா அடிச்சது, இப்ப துருப்புடிச்ச தகரமாட்டம் இருக்கு" என்றார் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி. அடியில் அசல் தங்கம் அப்படியே இருக்கிறது என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

மேலே உள்ளதைக் கரைக்கும் மருந்து கீழே ரேக்கைப் பிடித்திருக்கும் பசையைக் கரைத்துவிடக் கூடாது. சிக்கல் அவ்வளவுதான், ஆனால் அதுவே முழு வேலை. நீரில் கரையும் பசையால் ஒட்டிய ரேக்கு ஈரம் பட்டால் பெயரும். எண்ணெய்ப் பசையால் ஒட்டியது வலுவான கரைப்பானில் இளகும். மறைவான ஓரத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்து, பொருந்திய கரைப்பானைக் களியாக்கி, மேற்பரப்பைத் தாண்டி இறங்காதபடி தடவி, நேரம் பார்த்துப் பஞ்சில் உருட்டி எடுத்தோம். முதல் சட்டத்தில் விரலகலம் தங்கம் வெளிவந்ததும் ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்துவிட்டு, உடனே மதுரைக்கும் கோலாலம்பூருக்கும் போன் போட்டார். மற்றப் பங்காளிகளின் சம்மதம் அன்று மாலையே கிடைத்துவிட்டது. தங்கம் உண்மையிலேயே போய்விட்ட இடங்களில் நான் புதுத் தங்கம் வைக்கவில்லை. அபிரகம் கலந்த நீர்வர்ணத்தில் சாயல் மட்டும் கொடுத்தேன். தள்ளி நின்றால் ஒன்றாகத் தெரியும். கிட்டே வந்தால் எது பழையது, எது நான் செய்தது என்று தெரியும். நாளை இன்னொருவர் ஈரப் பஞ்சால் என் வேலையை மட்டும் எடுத்துவிடலாம்.

அருங்காட்சியகத்தில் எளிதாகக் கைக்கொள்ளும் இந்த நேர்மை கோயிலில் முட்டிக்கொள்ளும். பின்னமான உருவத்தை வழிபடுவதில்லை என்பது வழக்கம். ஒரு மண்டபச் சுவரில் அம்பாளின் முகத்தில் ஒரு கண்ணும் கன்னமும் உதிர்ந்திருந்தன. உபயதாரர் ஓர் ஓவியரையே கையோடு அழைத்து வந்துவிட்டார், புது முகம் எழுத. கலைமீட்புக் கோட்பாட்டாளரான இத்தாலியர் சிசாரே பிராண்டி 1963-ல் வெளியிட்ட நூலில் வகுத்துக் கொடுத்த நெறி எங்களுக்கு உண்டு: இடைவெளியை நிரப்பலாம், ஆனால் ஊகிக்கக் கூடாது, நிரப்பியது கிட்டே வந்து பார்த்தால் வேறாகத் தெரிய வேண்டும். அதற்காகவே ரோம் நகரில் மெல்லிய செங்குத்துக் கோடுகளாக வர்ணம் தீட்டும் முறையை வளர்த்தார்கள். கன்னத்துக்கு அது போதும். கண்ணுக்கு? எஞ்சிய கண்ணைத் திருப்பிப் போட்டு எழுதலாம் என்றார் ஓவியர். முகம் சற்றே சாய்ந்த முகம். திருப்பிப் போட்டால் பொய்யாகும்.

குருக்களிடம் போனோம். அவர்தான் அதிகம் எதிர்ப்பார் என்று நினைத்திருந்தேன். "பூஜை மூலவருக்கும் உற்சவருக்கும்தானே? இது அலங்காரம்தான். ஆவாஹனம் பண்ணலையே. கண்ணு இருந்த எடம்னு தெரிஞ்சா போறும், நீங்க புதுசா தொறக்க வேண்டாம்" என்றார். கண் திறப்பது சாஸ்திரப்படி ஒரு சடங்கு என்பதால், அதை நான் செய்யக்கூடாது என்பது அவர் வாதம். என் தொழில் நெறியும் அவர் ஆகமமும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் நின்றன. கன்னத்தைக் கோடுகளால் நிரப்பினேன். கண் இருந்த இடத்துக்குச் சுற்றியுள்ள சருமத்தின் நிறத்தை மங்கலாகக் கொடுத்து விட்டுவிட்டேன். உபயதாரருக்கு மனக்குறைதான். அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பெயர்ப்பலகையை மட்டும் வேறு சுவரில் வைக்கச் சொன்னார்.

உபயதாரர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. பணம் வரும் வழியே அப்படித்தான் இருக்கிறது. நான் பார்த்த ஒப்பந்தங்களில் ஓவியத்தைச் சதுர அடியில் அளந்து கூலி போடுவார்கள். சுத்தம் செய்த பரப்புக்குப் பணம். சுத்தம் செய்யாமல் விட்ட பரப்புக்குப் பணமில்லை. இதனால் தொடத் தேவையில்லாத இடத்தையும் தொடும் ஆசை வேலைக்காரனுக்கு வரும். தட்டோடு பதிப்பது கட்டடப் பிரிவு, தூம்பு அடைப்பெடுப்பது நிர்வாகம், விளக்குக்குக் கம்பி இழுப்பது மின்பிரிவு. நாங்கள் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போன மறுவாரம் ஒருவர் வந்து ஓவியத்தின் குறுக்கே ஆணி அடித்து ஒயர் கொண்டுபோன சுவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் இப்போது மதிப்பீடு தயாரிக்கும்போது எனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் மாடியும் தூம்பும் வடிகாலும். அடுத்து ஒரு முழு ஆண்டு ஈரப்பதத்தையும் ஓதம் ஏறும் உயரத்தையும் குறித்து வைப்பது. வடகிழக்குப் பருவமழையைப் பார்க்காமல் இந்தப் பக்கத்துச் சுவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பிறகு பொக்கு நிரப்புவது, உதிர்வதைப் பிடித்து நிறுத்துவது. சுத்தம் செய்வது கடைசிக்கு முந்தியது. நிறம் கொடுப்பது கடைசி. பணம் தீர்ந்துபோனால் அதை விட்டுவிடலாம். வேலை முடித்து ஒப்படைக்கும்போது காவலரிடமோ மெய்க்காவலரிடமோ ஒரு தாள் கொடுப்பேன்: ஐப்பசி பிறக்குமுன் தூம்புகளைத் திறக்கவும், கன்று முளைத்தால் இரண்டு இலையிலேயே பிடுங்கவும், எண்ணெய் விளக்கைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கவும், சிமெண்ட் மூட்டையோடு யார் வந்தாலும் எனக்குப் போன் செய்யவும்.

இந்தத் தாளின்படி நடப்பதற்கு ஆகும் செலவு, ஒரு பெரிய பாதுகாப்புத் திட்டத்தின் திறப்புவிழாச் செலவைவிடக் குறைவு. ஆனால் அதற்குத் தலைப்பு எதுவும் பட்ஜெட்டில் இல்லை. ஓவியப் பாதுகாப்பு என்று தனியாக ஒரு திட்டம் போட்டு, இருபது முப்பது வருஷத்துக்கு ஒருமுறை எங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, கட்டடத்தின் வருடாந்திரப் பராமரிப்புக் கணக்கில் தூம்புக்கும் தட்டோட்டுக்கும் நிரந்தரமாக ஒரு வரி சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் என்னைப் போன்றவர்களுக்கு வேலை பாதியாகக் குறையும். சுவர்களுக்கு அதுதான் நல்லது.